கால் எரிச்சலுக்கு ஏன் மனச்சோர்வு மாத்திரை?

சர்க்கரை நோயாளிகள் பலருக்கு ராத்திரியானால் கால் எரிச்சல் கூடிவிடும். உள்ளங்கால் தீப்பட்டதுபோல் எரியும், ஊசி குத்தும், மதமதத்துப்போகும். படுக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி மருத்துவர் ஒரு சின்ன மாத்திரை எழுதித் தருகிறார். சில வாரங்களில் எரிச்சல் தணிகிறது, தூக்கமும் வருகிறது. பிறகு ஒருநாள் மகனோ மகளோ மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைச் செல்பேசியில் தேடிப் பார்க்கிறார்கள். ‘மனச்சோர்வுக்கான மருந்து’ என்று வருகிறது. “எனக்கென்ன மனநோயா?” என்று அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதைத் தூக்க மாத்திரை என்று நினைத்து, தூக்கம் பிடிக்காத நாளில் ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்தில் முடியலாம்.

அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், இமிப்ரமின், குளோமிப்ரமின் ஆகியவை அந்தச் சின்ன மாத்திரையின் குடும்பத்து மருந்துகள். மூலக்கூறில் மூன்று வளையங்கள் ஒட்டியிருப்பதால் ட்ரைசைக்ளிக் மருந்துகள் என்கிறார்கள். மனச்சோர்வுக்காக வந்த இவை இன்று நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும், எண்ணச் சுழற்சி நோய்க்கும், சில குழந்தைகள் படுக்கையை நனைப்பதற்கும் தரப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அமிட்ரிப்டிலின் இடம்பிடித்தது. விலை குறைவு, பலன் உறுதியானது. ஆனால் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடையே உள்ள தூரம் இவற்றில் குறைவு. அதனால்தான் இவற்றை உட்கொள்கிறவர் தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்தே சாப்பிட வேண்டும்.

சொல்லாமல் தொடங்கிய கதை

சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஊர் மூன்ஸ்டர்லிங்கன். அங்கிருந்த மனநல மருத்துவமனையில் பணியாற்றிய ரோலண்ட் கூன், பாசல் நகரத்து கைகி நிறுவனம் அனுப்பிய ஒரு வேதிப்பொருளை 1950-களில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மனச்சிதைவு நோய்க்கு உதவும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஆனால் கடும் மனச்சோர்வில் முடங்கிக் கிடந்த சிலர் எழுந்து பேசத் தொடங்கினார்கள். இந்தக் கண்டுபிடிப்பை 1957-இல் சூரிச்சில் நடந்த உலக மனநல மருத்துவ மாநாட்டில் அவர் அறிவித்தார். அந்தப் பொருள்தான் இமிப்ரமின். 1961-இல் அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இந்தச் சாதனைக்கு இருண்ட மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. மூன்ஸ்டர்லிங்கன் அமைந்துள்ள துர்காவ் மாநில அரசு வரலாற்று ஆய்வாளர்களைக் கொண்டு பழைய ஆவணங்களை ஆராயச் சொன்னது. அங்கே பல ஆண்டுகளாக நடந்த மருந்துச் சோதனைகளில், தங்கள் மீது சோதனை நடப்பதே தெரியாத நோயாளிகள் பலர் இருந்ததை 2019-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு காட்டியது. அன்றைய அநீதியோடு இன்றைய நிலையை ஒப்பிட முடியாது. ஆனாலும், மருந்தின் பெயரும் காரணமும் நோயாளிக்கு எட்டாமல் போவது இன்றைக்கும் நடக்கிறது.

நன்மையும் தீமையும் ஒரே மாத்திரையிலிருந்து

நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறப் பயன்படும் வேதிப்பொருள்களில் செரோட்டோனினும் நார்அட்ரினலினும் முக்கியமானவை. வேலை முடிந்ததும் நரம்பணு அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ட்ரைசைக்ளிக் மருந்துகள் அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. அதனால் நரம்பணுக்களுக்கு இடையே இந்தப் பொருள்கள் கூடுதல் நேரம் தங்குகின்றன. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி, வலிச் செய்திகளை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளும் இதே பொருள்களை நம்பியே இயங்குகின்றன. கால் எரிச்சலுக்கு இந்த மாத்திரை உதவுவது இப்படித்தான். மனச்சோர்வே இல்லாதவருக்கும் வலி குறையும்.

அளவும் வேறு. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கப்படும். மனச்சோர்வுக்குப் பெரியவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டி 75 முதல் 150 மில்லிகிராம் வரை போவதுண்டு. மனச்சோர்வில் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று நோயாளி பாதியில் விட்டுவிடுவார்.

இந்த மருந்து வேறு பல இடங்களிலும் கை வைக்கிறது. ஹிஸ்டமின் ஏற்பிகளை அடைப்பதால் தூக்கம் வருகிறது, எடை கூடுகிறது. அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைப்பதால் வாய் உலர்கிறது, மலம் இறுகுகிறது, பார்வை மங்குகிறது, சிறுநீர் எளிதில் பிரிவதில்லை, முதியோருக்குக் குழப்பமும் வரலாம். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ஏற்பிகளையும் அடைப்பதால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள இந்த ஒன்றே போதும். எழுந்ததும் சற்று உட்கார்ந்திருந்து பிறகு நடக்க வேண்டும். மருந்து பழகும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

எல்லோர் உடலும் இதை ஒரே வேகத்தில் கரைப்பதில்லை. கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதிகள் சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக வேலை செய்யும். அவர்களுக்குக் குறைந்த அளவுகூட ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துப்போன ‘பவர்’ உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனாலும்தான்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், இதயத் துடிப்பின் தாளத்தில் கோளாறு உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். கிளாக்கோமா, புரோஸ்டேட் வீக்கம், வலிப்பு, இருதுருவ மனநோய் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரோடு பேசாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மற்ற மருந்துகளோடு சேரும்போதும் சிக்கல் வரும். மதுவும் தூக்க மாத்திரையும் மயக்கத்தைக் கூட்டும். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் மோசமாக்கும். டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். புளூவாக்சிட்டின் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும்.

நம் மருந்துக்கடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ப்ரீகாபலினும் நார்ட்ரிப்டிலினும் ஒரே மாத்திரையில் கலந்து கால் எரிச்சலுக்கு விற்கப்படுகின்றன. அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசெபாக்சைடு சேர்ந்த மாத்திரையும் பரவலாக எழுதப்படுகிறது. இந்த இரண்டாவது பொருளுக்கு உடல் அடிமையாகிவிடக்கூடும். மாத்திரைக்கு நிறுவனம் வைத்த பெயரை மட்டும் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு நிறுவனப் பெயர்களில் ஒரே மருந்தை எழுதியிருந்தால் அப்போதுதான் அது தெரியவரும்.

அளவு மீறினால்

இதயத் தசைக்குள் மின்துடிப்பு பரவ வேண்டுமானால் சோடியம் அயனிகள் உள்ளே நுழைய வேண்டும். மருந்து மிகும்போது அந்த நுழைவழிகள் அடைபடுகின்றன. துடிப்பு பரவுவது மந்தமாகி, தாளம் குலைகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது, வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்துக்குள் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போய்விடலாம். அதனால், “இப்போதைக்கு நன்றாகத்தானே இருக்கிறார்” என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, மாத்திரை அட்டையோடு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஈசிஜியைத் தொடர்ந்து கவனித்து, சோடியம் பைகார்பனேட்டைச் சிரை (ரத்தக் குழாய்) வழியாகச் செலுத்தி இதயத்தின் மீதுள்ள மருந்தின் பிடியைத் தளர்த்துவார்கள். நேரத்தோடு போனவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள்.

சிறு குழந்தைகளுக்கு மிகக் குறைந்த அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். தாத்தாவின் கால் வலி மாத்திரை தலையணைக்கு அடியிலோ தொலைக்காட்சி மேசையிலோ கிடக்கக் கூடாது. பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரே தடவையில் மாதக்கணக்கான மாத்திரை வாங்கி வைக்காமல், சில நாட்களுக்கு மட்டும் வாங்கி, வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக் கொடுப்பது பாதுகாப்பு. இளம் வயதினரிடம் சிகிச்சையின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இல் எல்லா மனச்சோர்வு மருந்துகளுக்கும் எச்சரிக்கை விடுத்து, 2007-இல் அதை 24 வயது வரை விரிவாக்கியது. முதல் வாரங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். மனம் தாங்காத வேளையில் யாரும் எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நிறுத்துவதற்கும் முறை உண்டு

நீண்ட நாள் சாப்பிட்ட மருந்தைச் சட்டென்று விட்டால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, சிடுசிடுப்பு எல்லாம் வரலாம். சிலர் அதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்துக் கலங்குகிறார்கள். மருத்துவர் சொல்லும் கணக்கில் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

ட்ரைசைக்ளிக் மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். அவை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் இருக்கின்றன. ஆனால் சீட்டைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. இதில் என்ன மருந்து இருக்கிறது, எதற்காகத் தருகிறீர்கள், எப்போது பலன் தெரியும், எதைப் பார்த்தால் உடனே உங்களிடம் வர வேண்டும் என்ற நான்கு கேள்விகளை நோயாளி கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவிலும் இதற்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கால் எரிச்சலோடு வந்தவரிடம், “இது மனச்சோர்வுக்கும் தரும் மருந்துதான், உங்களுக்கு நரம்பு வலிக்காகத் தருகிறேன்” என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், அவர் பயந்து பாதியில் நிறுத்தவும் மாட்டார், தூக்கத்துக்கென்று கூட்டிப் போடவும் மாட்டார்.