பொதிகையின் உச்சி நோக்கி

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கேரள – தமிழ்நாட்டு எல்லையருகே பொதிகை மலை ஓங்கி நிற்கிறது. அகத்திய முனிவர் வாழ்ந்த இடமாகத் தமிழ் மரபு போற்றும் இம்மலையின் சிகரம் அகத்தியர்கூடம் எனப்படும். அதன் உயரம் 1,868 மீட்டர்.

வனத்துறையின் அனுமதி பெற்றோர் கேரளத்தின் போணக்காட்டிலிருந்து நடக்கத் தொடங்குகின்றனர். முதல் நாள் பாதை ஓடைகளைக் கடந்து பசுமைமாறாக் காட்டினுள் செல்கிறது. மரக்கிளைகளில் சிங்கவால் குரங்குகள் தாவும். இருவாச்சிப் பறவையின் சிறகொலி தொலைவிலேயே கேட்கும். அன்றிரவு அதிருமலை முகாமில் தங்குவர். மறுநாள் ஏற்றம் கடினமானது. உயரம் கூடக்கூட மரங்கள் குட்டையாகின்றன. இறுதியில் செங்குத்தான பாறைகளில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். இத்தகைய பாறைச் சரிவுகளே தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டின் வாழிடம். ‘வரை’ என்பதற்கு மலை என்பது பொருள்.

மலையேறுவோரின் எண்ணிக்கைக்கு வனத்துறை வரம்பு விதித்திருப்பது ஏன்? இக்காட்டின் மண்ணும் சருகும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. அதனால் மழையில்லாத மாதங்களிலும் ஓடைகளில் நீர் ஓடுகிறது. அவ்வோடைகள் கூடிப் பிறக்கும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களை வளப்படுத்தி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. காடு அழிந்தால் ஆறும் வறளும். ஆகவே, மலையேறுவோர் நெகிழிப் பொருள்களைக் காட்டில் விட்டுவரலாகாது. உரக்கப் பேசலும் ஆகாது. அமைதியாக நடப்பவருக்கே காட்டு விலங்குகளும் கண்ணில் படும்.

அருஞ்சொற்பொருள்: சருகு – உலர்ந்த இலை, நெகிழி – பிளாஸ்டிக், வரம்பு – எல்லை.

சிந்திக்க: நீங்கள் வாழும் ஊருக்கு நீர் தரும் ஆறு எங்கே பிறக்கிறது?