இரும்பைத் திருத்தலாம், புத்தகத்தைத் திருத்த முடியாது: பழைய பிக்கப் ஒன்று வாங்கிய அனுபவம்

விசுவமடுவில் தம்பி கத்தரியும் பயிற்றையும் பூசணியும் செய்கிறான். மரக்கறி பிடுங்கும் நாளில் வாடகை வாகனம் பிடித்துக் கிளிநொச்சிச் சந்தைக்கு ஏற்றுவதுதான் வழமை. வருகிறேன் என்ற நேரத்துக்கு வாகனக்காரர் வராவிட்டால் காலை விலை போய்விடும். பிறகு கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். இப்படிப் பல தடவை நட்டப்பட்ட பிறகு, கடந்த வருடம் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்குவதென்று வீட்டில் முடிவெடுத்தோம்.

புதியது எங்களுக்கு எட்டாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலையை ஒரு தோட்டக்காரர் நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் முப்பது வருடம் ஓடிய ஜப்பான் பிக்கப்புக்குக்கூட இங்கே நல்ல விலை இருக்கிறது. அந்த வயதில் குறையில்லாத வாகனம் கிடைக்காது. எந்தக் குறையோடு வாங்கலாம், எந்தக் குறையோடு வாங்கவே கூடாது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். நாங்கள் இரண்டு வாகனங்களைப் பார்த்து, ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வாங்கியபோது தெரிந்துகொண்டவற்றை, வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் பை

முதல் வாகனத்தைப் பார்க்கப் புறப்பட்ட அன்று அப்பா ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்து வந்து முன்னால் வைத்தார். அது எங்களுக்குத் தெரிந்த பைதான். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வரும்போது அம்மாவின் கையில் இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம். அவற்றோடு, முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த எங்கள் பழைய பிக்கப்பின் பதிவுப் புத்தகமும் இருக்கிறது. செட்டிகுளம் முகாமிலும் பிறகும் எத்தனையோ படிவங்களில் அந்த வாகனத்தின் இலக்கத்தை அப்பா எழுதிக் கொடுத்தார். வாகனம் கிடைக்கவில்லை. ஏ35 வீதியோரம் குவித்து வைத்திருந்த இரும்புகளுக்குள் அது இருந்ததா என்றும் தெரியாது.

“பேர் இருக்கு, வாகனம் இல்லை. இந்த முறை வாகனம் இருக்கு, பேர் இல்லையெண்டு வரக்கூடாது” என்றார் அப்பா. எஞ்சினைப் பார்க்க முன்னம் புத்தகத்தைப் பார் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள்.

முதல் வாகனம்: பளபளப்பும் திறந்த பத்திரமும்

வவுனியாவில் தரகர் காட்டிய பிக்கப் கண்ணைப் பறித்தது. புதுப் பெயின்ற், புது சீற் உறை, கழுவித் துடைத்த எஞ்சின். விலையும் மற்றவர்கள் கேட்டதைவிடக் குறைவு.

புத்தகத்தில் இருந்த பெயர் விற்பவருடையது அல்ல. பதிவில் உள்ளவர் பல வருடங்களுக்கு முன்னர் வெளிநாடு போய்விட்டார். அவர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்த மாற்றப் படிவத்தோடு வாகனம் மூன்று கை மாறியிருந்தது. இதைத்தான் ‘ஓப்பின் பேப்பர்’ என்கிறார்கள். “எல்லாரும் இப்பிடித்தான் ஓடுகினம் தங்கச்சி” என்றார் தரகர். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் நிறைய வாகனங்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

ஆனால் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உடைமை கை மாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கான மாற்றப் படிவம் எம்.ரி.ஏ. 6. திறந்த பத்திரத்தில் ஓடினால் இரண்டு பக்கமும் ஆபத்து. விற்றவருக்கு: வாகனம் விபத்திலோ குற்றத்திலோ சம்பந்தப்பட்டால் பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் உள்ள பெயரை. வாங்கியவருக்கு: பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால், அல்லது கையெழுத்து ஒத்துவரவில்லை என்று படிவம் திரும்பி வந்தால், திருத்தித் தர ஆள் இல்லை. விபத்துக்குப் பிறகு காப்புறுதி இழப்பீடு பெறுவதும் சிக்கலாகும். வீதியில் மறித்து “இது யாருடைய வாகனம்?” என்று கேட்டால் எங்களிடம் நேரான பதில் இருக்காது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லாமல் நிற்பது என்னவென்று இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்து எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தோம். புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் வாகனத்தில் உள்ளதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். இந்த வாகனத்தின் எஞ்சின் இலக்கம் ஒத்துவரவில்லை. எஞ்சின் மாற்றுவது குற்றமில்லை. மாற்றியதைத் திணைக்களத்தில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். பதியாத எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை, காசு கொடுத்ததும் நாங்கள் சுமக்க வேண்டும். திரும்பி வந்துவிட்டோம்.

புத்தகத்தில் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் முழு உரிமையாளர் பகுதி. லீசிங்கில் எடுத்த வாகனத்தில் பதிவு உரிமையாளராக ஓடுபவரின் பெயரும், முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கடன் முடிந்தால் நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தரும். அந்தக் கடிதம் இல்லாமல் “எல்லாம் கட்டி முடிஞ்சுது” என்ற வாய்ப்பேச்சை நம்பி வாங்கினால், தவணை தவறிய வாகனமென்று ஒருநாள் உங்கள் முற்றத்திலிருந்தே கொண்டுபோகலாம். மூலப் புத்தகம் இல்லை, போட்டோப் பிரதிதான் இருக்கிறது என்றால், மூலம் யாரிடம் என்று கேளுங்கள்.

லீசிங் கணக்கு

எங்களிடம் இருந்த காசு போதவில்லை. மிச்சத்துக்கு லீசிங் எடுக்கலாம் என்றான் தம்பி. போர் முடிந்த பிறகு வடக்குக்கு வேகமாக வந்தவற்றில் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் அடக்கம். வாகனத்தையும் இழந்து, கட்டிய காசையும் இழந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

பத்து இலட்சம் கடன், நான்கு வருடம், வருடத்துக்கு 12 வீதம் ‘பிளட் ரேற்’ என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 4 இலட்சத்து 80 ஆயிரம். மாதத் தவணை ஏறத்தாழ 30,833 ரூபா. கேட்க 12 வீதம்தான். ஆனால் மாதாமாதம் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். வட்டியோ கடைசி மாதம்வரை முழுப் பத்து இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 21 வீதம். ஆகவே “எத்தனை வீதம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன்? இடையில் முழுவதும் கட்டினால் எவ்வளவு?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. தவணையோ மாதாமாதம் வரும். நாங்கள் லீசிங்கை விட்டுவிட்டு, அம்மாவின் சீட்டுக்காசையும் என் சேமிப்பையும் போட்டு, விலை குறைந்த, அழகில்லாத வாகனம் ஒன்றைத் தேடினோம்.

இரண்டாவது வாகனம்

அது முல்லைத்தீவில் இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் தயாரான ரொயோற்றா ஹைலக்ஸ், ஒற்றைக் கப், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின். கதவில் நெளிவு, பெட்டியில் துரு, இடப்பக்கக் கண்ணாடி இறங்காது. ஆனால் புத்தகம் விற்பவரின் சொந்தப் பெயரில். எஞ்சினும் சசியும் ஒத்துவந்தன. கடன் இல்லை.

எங்களோடு வந்தவர் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணர் ஒருவர். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்துத் தொழில் பழகியவர். அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலில் பொனற்றில் கை வைத்தார். எஞ்சின் குளிராக இருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்ராட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் காலைக் கோளாறுகள் மறைந்துவிடும். றேடியேற்றர் மூடியைக் குளிரில் திறந்து பார்த்தார். தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ, ஓடும்போது விடாத குமிழியோ இருந்தால் ஹெட் கஸ்கற்றில் பிரச்சினை.

ஸ்ராட் செய்ததும் புகையைப் பார்த்தார். நீலப் புகை என்றால் எஞ்சின் ஓயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் கூடுதல், அல்லது காற்றுப் பில்டர் அடைப்பு. விடாத வெள்ளை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. இதற்குச் சற்றுக் கறுப்பு இருந்தது; அது திருத்தக்கூடியது. ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது லேசான மூச்சுத்தான் வந்தது. புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்ரனும் றிங்கும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

அரை மணித்தியாலம் ஓடி, நல்ல சூட்டில் நிறுத்தி, உடனே மீண்டும் ஸ்ராட் செய்தார். டீசல் பம்ப் தேய்ந்திருந்தால் சூட்டில் எஞ்சின் பிடிக்காது. இந்த வகைப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப்பசையும் கொடுக்கிறது. மண்ணெண்ணெய் மெல்லியது. அதைக் கலந்தால் பம்பின் உட்பகுதி உரசித் தேயும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயரும்வரை, மலிவென்று கலந்து ஓடியவர்கள் பலர். “அந்த நேரம் நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினது பெற்றோல் எஞ்சின். டீசலுக்கு அது நஞ்சு” என்றார் அண்ணர்.

பெயின்ற்றுக்குள் பட்டி மறைந்திருக்கிறதா என்று பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் தடவினார். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை. பிறகு வாகனத்தின் கீழே படுத்தார். இது மீன் ஏற்றிய வாகனம். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பெட்டியால் வடிந்து, சசியின் பின்பகுதியில் துருப் பிடித்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினார். துகள் உதிர்ந்தது, ஆனால் துளைக்கவில்லை. “வெட்டித் தகடு வைச்சு ஒட்டலாம். துளைச்சிருந்தா வாங்க விட்டிருக்கமாட்டன்.”

மீற்றர் காட்டும் கிலோமீற்றரை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்கச் சொன்னார். ‘3214’ என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை தயாரானது. ரயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் வயது போயிருந்தால் பாரம் ஏற்றி ஓட முடியாது. எங்களுக்கு நான்கும் மாற்ற வேண்டியிருந்தது.

இந்தக் குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவைப் போட்டு, அந்தத் தாளை வைத்தே விலை பேசினோம். விற்பவரும் மறைக்கவில்லை, தான் மாற்றாதவற்றை அவரே சொன்னார். பேசிய விலையிலிருந்து மூன்று இலட்சம் குறைத்தார்.

திருத்திய ஒழுங்கு

வாங்கியதும் பெயின்ற் அடிக்கவே தம்பி ஆசைப்பட்டான். அண்ணர் மறுத்துவிட்டார். முதலில் நிறுத்துவது: பிறேக், ரயர், ஸ்ரியரிங் மூட்டுகள். இரண்டாவது, உடைந்தால் எஞ்சினையே கொல்வது: ரைமிங் பெல்ற், தண்ணீர்ப் பம்ப், றேடியேற்றர் குழாய்கள். இந்த எஞ்சினுக்கு ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ரைமிங் பெல்ற் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றியதென்று தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி, சில ஆயிரத்தில் முடிவது இலட்சங்களில் போய் நிற்கும். மூன்றாவது சுமப்பது: சசி ஒட்டு, பின் ஸ்பிரிங் தட்டுகள். வெளித்தோற்றம் கடைசி. கிளிநொச்சியில் கிடைக்காத சாமான்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தோம். பெயின்ற் இன்னும் அடிக்கவில்லை.

மாற்றப் படிவத்தில் விற்றவர் எங்கள் முன்னால் கையெழுத்திட்டார். அடையாள அட்டைப் பிரதியும் வாங்கினோம். 14 நாள் முடிய முன்னர் கொடுத்துவிட்டோம். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வரிப்பத்திரம் எல்லாம் அதன் பிறகு இலகுவாக நடந்தன. வாகனத்தின் வகுப்பு லொறியா, இருபயன்பாட்டு வாகனமா என்பதையும் புத்தகத்தில் பாருங்கள். காப்புறுதியும் வரிப்பத்திரமும் அதைப் பொறுத்தவை.

புதிய புத்தகம் தம்பியின் பெயரில் வந்த அன்று அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு எஞ்சின் இலக்கத்தை மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு அதைப் பழைய பைக்குள் வைத்தார்.

இல்லாத வாகனத்தின் பதிவை இரத்துச் செய்யத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். முள்ளிவாய்க்காலில் விட்ட பிக்கப்புக்கும் அதைச் செய்யலாமே என்று அப்பாவிடம் சொன்னேன்.

“பிறகு பாப்பம்” என்றார்.