ஒரே பாயில் அமரும் உரிமை

சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கும், ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களுக்கும் பொழுது புலர்ந்ததும் புறப்பட்டுப் போகும் தாய்மார்கள், இரண்டு வயது கடந்த பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல ஊர்தோறும் ஓர் இடம் உண்டென்றால், அது பால்வாடி என்று வழங்கும் அங்கன்வாடியே ஆகும். 1975ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று தேசத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சேர்ந்து வளர்த்த அச்சிறிய ஸ்தாபனத்தில், சோறும் முட்டையும், பாட்டும் விளையாட்டும் குழந்தைகளுக்குக் கிடைக்கின்றன. ஆயினும் நடை வராத குழந்தையும், பேச்சு வராத குழந்தையும் பல வீடுகளில் பாட்டியின் பொறுப்பில் திண்ணையோடு நின்றுவிடுகின்றன. பாட்டி இல்லாத வீட்டிலோ, தாயே கூலியை இழந்து பிள்ளையுடன் நின்றுவிடுகிறாள்.

அந்தப் பிள்ளைக்கும் பால்வாடிப் பாயில் இடம் உண்டு. அது யாருடைய தயவாலும் வருவதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்விக்கு உறுதி கூறுகிறது. ஆனால் மூளை அதிவேகமாக வளரும் பிராயம் அந்த ஆறு வயதுக்கு முற்பட்டதல்லவா? தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இன்னும் மறையாத நம் நாட்டில், நெருங்கிய உறவுத் திருமணத்தால் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான வாய்ப்பு கூடுகிறது. அதற்குரிய காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே வழங்குகிறது. பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் பெற்றோர், காத்திருப்பதனாலேயே அந்தச் சந்தர்ப்பத்தை இழக்கிறார்கள்.

குறையைக் கண்டறிவதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசு அங்கன்வாடிகளுக்கென்றே ஒரு நெறிமுறையை வெளியிட்டு, அறிகுறிகளைக் காண்பது, குழந்தையைச் சேர்த்துக்கொண்டு குடும்பத்தைத் தேற்றுவது, உரிய சிகிச்சைக்கு அனுப்புவது என மூன்று படிகளை வகுத்தது. ஆனால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் தறிக்காரக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். அங்கே எப்போதோ ஒருநாள் கிடைக்கும் பயிற்சியை நாள்தோறும் நிகழும் வாழ்க்கையாக மாற்றக்கூடிய இடம், வீட்டுக்கு அடுத்தபடியாக, பால்வாடி ஒன்றே.

அங்கே செய்ய வேண்டியவை பெரும்பாலும் பணத்தைவிடச் சிரத்தையையே கேட்பவை. காது மந்தமான குழந்தையை முன்வரிசையில், டீச்சரின் முகமும் உதடும் வெளிச்சத்தில் தெரியுமாறு அமர்த்த வேண்டும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தையைச் சாய்வின்றி நிமிர்ந்து உட்காரவைத்து, பாதம் தரையில் ஊன்றியிருக்க, குழைத்த சோற்றைச் சிறு கவளமாக, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்ததாகக் கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் ஆபத்தாகும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, அடுத்து நிகழப்போவது பாட்டா, சாப்பாடா, தூக்கமா என்பதைப் படம் காட்டி முன்கூட்டியே தெரிவித்து, கூச்சல் மிகும்போது ஒதுங்கியிருக்க ஒரு மூலையையும் தந்தால், அதன் கலக்கம் வெகுவாகத் தணியும். அறிவு வளர்ச்சி மந்தமான குழந்தைக்குக் கை கழுவுதலையே குழாயைத் திற, கையை நனை, சோப்பைத் தேய் என்று படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பலநாள் பழக்க வேண்டும். இவற்றைத் தினமும் காணும் மற்றக் குழந்தைகள், தங்களைப்போல் நடக்காதவனும் பேசாதவளும் தங்கள் கூட்டாளிகளே என்பதை உபதேசம் எதுவுமின்றி உணர்ந்துகொள்கின்றன.

இவ்வளவையும் யார் செய்வது? ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் எடை பார்த்து, ஏடு எழுதி, கைப்பேசியில் பதிந்து, வீடுவீடாகச் சென்று, சமைத்துப் பரிமாறிக் களைத்திருக்கும் இடத்தில், பயிற்சியும் துணையும் தராமல் பொறுப்பை மட்டும் கூட்டுவது நியாயமாகாது. சென்னையில் 1989இல் தோன்றிய மதுரம் நாராயணன் மையம் தன் ‘உபநயன்’ பயிற்சியில் தாய்மார்களையே ஆசிரியர்களாக்கிற்று. 1981இல் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம் பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பி வருகிறது. நிபுணர் குழந்தையிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதே இவ்விரண்டும் புகட்டும் பாடம். அதுபோல, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் குறித்த நாளில் பால்வாடிக்கே வந்து, டீச்சர் எதிரிலும் தாய் எதிரிலும் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும். அத்தகைய குழந்தைகள் உள்ள மையங்களில் மூன்றாவதாக ஒருவரை நியமிக்க வேண்டும். வாசலில் சாய்தளமும், பிடித்துக்கொண்டு அமரத்தக்க கழிப்பறையும் அமைக்க வேண்டும்.

பெண் சிசுவைக் காக்கும் பொருட்டு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். பள்ளிபாளையமும் குமாரபாளையமும் உள்ள நாமக்கல்லும் அப்போது அதனுள் அடங்கியிருந்தது. பிறந்த குழந்தை எதுவாயினும் அது வாழ வேண்டும் என்ற தர்மத்தை அன்று வலியோடு கற்ற சமூகம், வாழும் குழந்தை எதுவாயினும் அது கூடி வளர வேண்டும் என்ற அடுத்த தர்மத்தையும் ஏற்கக் கடமைப்பட்டிருக்கிறது. ஆகவே, திண்ணையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பெற்றோர் தயங்காமல் அழைத்து வரட்டும். வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதபடி டீச்சருக்கு வேண்டிய பலத்தை அரசாங்கம் தரட்டும்.