விமானத்தின் வாலைக் கையால் திருப்ப முடியுமா?

கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் ஸ்டியரிங்கை எந்நேரமும் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சற்று நேரத்தில் கை வலித்துவிடும். விமானத்திலும் இந்தத் தொல்லை உண்டு. எரிபொருள் குறையும்போதும் வேகம் மாறும்போதும் அதன் மூக்கு மேலே எழும்பவோ கீழே சாயவோ பார்க்கும். அதைச் சரிக்கட்டும் ஏற்பாட்டுக்கு ‘டிரிம்’ என்று பெயர்.

விமானத்தின் வாலில் இருபுறமும் நீண்டிருக்கும் சிறிய இறக்கைகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். போயிங் 737 விமானத்தில் இந்த இறக்கைகளையே சில டிகிரி மேலும் கீழும் சாய்க்கலாம். மின்மோட்டார் ஒன்று திருகுத் தண்டைச் சுழற்றி அவற்றைச் சாய்க்கிறது. அப்போது விமானிகளின் முழங்காலருகே உள்ள டிரிம் சக்கரங்களும் சடசடவெனச் சுழலும்.

அந்த மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கினால் என்ன செய்வது?

முதலில் கட்டுப்பாட்டுப் பிடியை உறுதியாகப் பிடித்து விமானத்தை நிலைப்படுத்த வேண்டும். தானியங்கி விமானியையும் இயந்திர வேகத்தின் தானியங்கிக் கட்டுப்பாட்டையும் நிறுத்த வேண்டும். அப்படியும் சக்கரம் ஓடினால் இரண்டு விசைகளைத் தட்டி மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு சக்கரத்தில் மடங்கியிருக்கும் கைப்பிடியை வெளியே இழுத்துக் கையாலேயே சுற்ற வேண்டும்.

இந்த முறை பலன் தந்ததும் உண்டு. 2018 அக்டோபர் 28ஆம் தேதி பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் 737 மேக்ஸ் விமானத்தில், பழுதான ஓர் உணர்கருவி தவறான தகவல் தந்தது. அதை நம்பிய எம்கேஸ் என்ற கணினி அமைப்பு மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. விமானி மின்சாரத்தைத் துண்டித்தார். மீண்டும் இணைத்தபோது பிரச்சினையும் திரும்பி வந்தது. மறுபடி துண்டித்து, கையால் டிரிம் செய்தே தரையிறங்கினார்.

ஆனால், விசைகளைத் துண்டித்த விவரம் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதப்படவில்லை. மறுநாள் காலை அதே விமானத்தை வேறு விமானிகள் ஓட்டினர். அப்போது எம்கேஸ் பற்றி விமானிகளின் கையேட்டில் விளக்கமே இல்லை. தலைமை விமானி 20 முறைக்கு மேல் மூக்கை உயர்த்திப் போராடினார். புறப்பட்ட 12 நிமிடங்களுக்குள் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேரும் மாண்டனர்.

2019 மார்ச் 10ஆம் தேதி எத்தியோப்பிய விமானிகள் மின்சாரத்தைத் துண்டித்தும் பார்த்தனர். ஆனால் விமானம் மிக வேகமாகப் பறந்துகொண்டிருந்தது. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். அந்த அழுத்தத்தில் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. 157 பேர் உயிரிழந்தனர். இரண்டு நாளில் சிங்கப்பூர், மேக்ஸ் விமானங்கள் அங்கு வந்து செல்லத் தடை விதித்தது.

இப்போது எம்கேஸ் இரண்டு உணர்கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இயங்குகிறது. விமானிகளும் பாவனைக் கருவியில் இந்நிலையைச் சமாளிக்கப் பழகுகின்றனர்.

டிரிம் கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்துவது மட்டும் போதாது. வேகம் கட்டுக்குள் இருக்க வேண்டும். பார்த்ததை முழுமையாக எழுதியும் வைக்க வேண்டும். அடுத்து அந்த இருக்கையில் அமரும் விமானிக்கு அந்தக் குறிப்புதான் முதல் எச்சரிக்கை.