பேசிக் 15,000-ஐத் தாண்டியவரின் பி.எஃப். கணக்கு

“உங்களுக்குச் சம்பளம் அதிகம், பி.எஃப். பிடிக்கத் தேவையில்லை” என்று ஹெச்.ஆர். சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 2014 செப்டம்பர் 1 முதல் பி.எஃப்.புக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். மொத்தச் சம்பளம் அல்ல, பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையே கணக்கு. இதுவரை பி.எஃப். உறுப்பினராகவே இல்லாதவர், சேரும்போதே அதற்கு மேல் வாங்கினால் விலகி நிற்கலாம். பழைய வேலையில் தொடங்கிய கணக்கை மூடாமல் வைத்திருப்பவர், பேசிக் ஒரு லட்சமானாலும் உறுப்பினர்தான். சேரும் நாளில் காகிதக் கட்டோடு நீட்டப்படும் படிவம் 11 இதைத்தான் கேட்கிறது. அதை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

பேசிக் 40,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டாயம் என்பது 15,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். முழு பேசிக்குக்கும் பிடித்தால் 4,800. அதற்கு நீங்களும் நிறுவனமும் சேர்ந்து எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். நிறுவனம் 1,800-ஓடு நின்றுகொண்டாலும், உங்கள் பங்கை மட்டும் கூட்டிக் கட்டத் தடையில்லை. தொல்லை வருவது சி.டி.சி.யில். நிறுவனத்தின் பங்கையும் அதற்குள்ளேயே அடக்கிக் காட்டியிருப்பார்கள். திடீரென்று 4,800-ஐ 1,800 ஆக்கினால், மிச்சம் 3,000 வேறு பெயரில் பே ஸ்லிப்பில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் குறைந்திருப்பது உங்கள் சம்பளம். காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

இதைவிட மோசமான சிக்கல் பென்ஷனில் இருக்கிறது. பாஸ்புக்கில் உங்கள் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் என்று மூன்று பத்திகள் இருக்கும். நிறுவனப் பங்கிலிருந்து, சம்பளத்தின் 8.33 சதவீதம், அதிகபட்சம் 1,250 ரூபாய், பென்ஷனுக்குப் போகும். ஆனால் 2014 செப்டம்பருக்குப் பிறகு, 15,000-க்கு மேற்பட்ட பேசிக்கோடு முதல்முறையாகச் சேர்ந்தவருக்கு பென்ஷன் திட்டமே கிடையாது. அவருடைய மூன்றாம் பத்தி பூஜ்யமாக இருக்க வேண்டும். முழு 12 சதவீதமும் பி.எஃப்.பிலேயே சேர வேண்டும். சம்பளப் பட்டியல் போடுகிறவர் கவனிக்காமல் மாதாமாதம் 1,250-ஐ அங்கே தள்ளிக்கொண்டிருப்பார். பணத்தை எடுக்கவோ மாற்றவோ போகும்போது விண்ணப்பம் திரும்பி வரும். திருத்தம் கேட்டு எழுத வேண்டியது பழைய நிறுவனம். அதற்குள் அது மூடப்பட்டிருந்தால் அலைச்சல்தான். வேலையில் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.

பெரிய சம்பளக்காரர்களுக்கு ஒரு வரி: ஆண்டுக்கு உங்கள் பங்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வருமான வரி உண்டு.

பே ஸ்லிப்பில் பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் யூ.ஏ.என். எண்ணோடு புகார் தரலாம். பே ஸ்லிப்பையும் அதே மாதத்து பாஸ்புக் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள். நேரில் சொல்ல விரும்பினால், மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாம் நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில்.