பச்சைவீட்டுக் கூரை: வெப்பத்தைப் பிடிப்பதா, போகவிடுவதா?

இன்னும் தமது காணிக்குத் திரும்ப முடியாமல், உறவினர் வளவிலும் குத்தகைக் காணியிலும் தோட்டஞ் செய்யும் குடும்பங்களைச் சந்திக்கும்போது எம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "உந்த இரட்டைப் பிளாஸ்ரிக் தகடு போட்டால் பச்சைவீடு பத்து வருசம் நிக்குமாம். கடன்பட்டாவது போடலாமோ?" இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிட எமக்கு மனமில்லை. கடனை இறுக்கப்போவது நீங்கள். ஆகவே அந்தத் தகடு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம்.

பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக்கால் ஆன இத்தகட்டின் வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் காட்போட் பெட்டியின் ஓரம் போலத் தெரியும். மேலும் கீழும் இரண்டு மெல்லிய தாள்கள், நடுவே வரிசையாக நீண்ட அறைகள். அந்த அறைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை இலகுவில் கடத்தாது. தடித்த போர்வை ஒன்றிலும் மெல்லிய போர்வை இரண்டு நன்றாகக் குளிர் தாங்குவது இதனால்தான்.

குளிர்நாடுகளில் இதன் பயன் மிகப் பெரிது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடிக் கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றரூடாகவும் ஏறத்தாழ 6 வாற்று வெப்பம் வெளியேறும். 10 மில்லிமீற்றர் இரட்டைத் தகட்டில் அது ஏறத்தாழ 3 வாற்றுத்தான். வெளியே 0 பாகையும் உள்ளே 20 பாகையும் உள்ள ஓர் இரவில், 100 சதுர மீற்றர் கண்ணாடிக் கூரை 12,000 வாற்று வெப்பத்தை இழக்கும். இரட்டைத் தகட்டுக் கூரை 6,000 வாற்றை இழக்கும். கூரையால் வீணாகும் எரிபொருளில் பாதி மிச்சம். இதையே மலிவாகச் செய்யும் வழியை, அமெரிக்காவின் ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் றொபேட்ஸ் 1964இல் காட்டினார். அவர் இரண்டு பொலித்தீன் விரிப்புகளைப் போட்டு, சிறு விசிறியால் இடையில் காற்றை ஊதி நிரப்பினார்.

எமது நாட்டிலும் நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் தை, மாசி இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. அங்கே இத்தகட்டுக்கு வேலை இருக்கிறது. வடக்கிலோ வன்னியிலோ கிழக்குக் கரையிலோ கணக்கு வேறு.

யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முகிலற்ற நண்பகலில் ஒரு சதுர மீற்றரில் விழும் வெயில் ஏறத்தாழ 1,000 வாற்று. அதில் 80 வீதம் உள்ளே போனால், 100 சதுர மீற்றர் வீட்டுக்குள் 80,000 வாற்று போகிறது. 1,000 வாற்று மின்னழுத்திகள் 80ஐ ஒரே நேரத்தில் போட்டுவிட்டது போல. தண்ணீர் குறையாத வளர்ந்த பயிர் இதில் பெரும் பங்கை நீராவியாக்கிவிடும். ஆனாலும் அந்த நீராவியும் மிச்சச் சூடும் வெளியேற வேண்டுமே. வெளியிலும் பார்க்க உள்ளே 10 பாகை கூடினாலும், இரட்டைத் தகட்டினூடாக வெளியேறுவது 3,000 வாற்றுத்தான். ஒற்றைப் பொலித்தீன் என்றாலும் ஆறாயிரம், ஏழாயிரம். 80,000க்கு முன்னால் இரண்டும் சிறு தொகை. வெப்பத்தைக் கொண்டுபோகக் கூடியது காற்றுத்தான்.

இதற்கு ஒரு பழைய பரிசோதனை சான்று. ஆர். டபிள்யூ. வூட் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர் 1909இல் இரண்டு சிறு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு வெப்பக் கதிரை வெளியே விட்டுவிடும் பாறையுப்பு மூடி. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சூடேறின. பெட்டி சூடாவதற்கு முக்கிய காரணம், உள்ளே சூடான காற்று மேலே போக வழியில்லாமல் அடைபட்டதே.

ஆகவே எமது பகுதியில் கூரையின் சிக்கனம் முகட்டில் இருக்கிறது. முகடு திறந்திருந்தால் சூடான காற்று தானாக மேலேறிப் போகும், விசிறியும் வேண்டாம், மின்சாரப் பட்டியலும் வேண்டாம். மூடியிருந்தால் 35 பாகைக்கு மேல் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூவெல்லாம் காய் பிடிக்காமல் கொட்டிவிடும்.

முகட்டுத் திறப்பு நிலப்பரப்பின் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். 5 மீற்றர் அகலமும் 10 மீற்றர் நீளமும் உள்ள சிறு வீட்டுக்கு 10 சதுர மீற்றர் தேவை. முகட்டின் முழு நீளத்துக்கும், இரு பக்கமும் 50 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் திறந்துவிட்டு, மேலே ஒரு குட்டிக் கூரை போட்டால் அந்த அளவு வந்துவிடும். மழையும் உள்ளே அடிப்பது குறையும். வெண்ஈக்குப் பூச்சிவலை கட்டுவோர் கவனிக்க: 40, 50 கண் வலை காற்றில் நல்ல பங்கை மறித்துவிடும், அதனால் திறப்பை இன்னும் பெருப்பிக்க வேண்டும். தாழ்வாரம் ஆள் உயரத்துக்கு மேலும், முகடு அதிலிருந்து ஒன்றரை மீற்றர் உயர்ந்தும் இருந்தால், உள்ளே வியர்க்கும் நீர் பயிரில் சொட்டாமல் சரிவில் வழிந்து போகும். வெயில் உச்சியில் இருப்பதால் திசையைக் காற்றுக்கே பாருங்கள். சோளகமும் வாடையும் நீளப் பக்கங்களில் படும்படி வீடு நிற்கட்டும்.

மூடுவதற்கு 200 மைக்ரோன் தடிப்புள்ள, புறஊதாக் கதிர் தாங்கும் பொலித்தீன் போதும். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது உண்மை. ஆனால் கந்தகத் தூள் படாமலும், சுடுகின்ற இரும்புக் குழாயில் நேரே உரசாமலும் பார்த்தால் ஆயுள் கூடும். குழாயின் மேற்பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசினாலே பெரிய உதவி.

சட்டத்தை ஒட்டாமல், புரியாணி போட்டுப் பூட்டுங்கள் என்பது எமது அழுத்தமான ஆலோசனை. காணி உங்களுடையதல்ல. கேட்டவுடன் கழற்ற முடியாத வீடு காணிக்காரருக்கே போய்ச் சேரும். பொலித்தீனைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டலாம். அளவுக்கு வெட்டித் துளையிட்ட தகடு வேறு சட்டத்துக்குப் பொருந்துவது அரிது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்படியொரு எச்சரிக்கை வரும்போது அவிழ்த்து வைக்கக் கூடிய கூரைதான் தப்பும்.

தகடு ஏற்கெனவே கையில் இருப்போரும் உண்டு. நாம் போன ஒரு தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்த தகட்டை அறைகள் குறுக்காகக் கிடக்கும்படி அடித்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, கூரையே பச்சையாகிவிட்டது. எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அறைகள் எப்போதும் முகட்டிலிருந்து தாழ்வாரத்தை நோக்கி ஓட வேண்டும். மேல் ஓரத்தைக் காற்றுப் புகாத நாடாவாலும், கீழ் ஓரத்தை நீர் வடியும் நுண்துளை நாடாவாலும் ஒட்ட வேண்டும். வெயில் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே உண்டு. ஒட்டியிருக்கும் மெல்லிய தாளில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கட்டும். 40 பாகை சூடு ஏறினால் தகடு மீற்றருக்கு இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும், ஆகவே துளையைத் திருகாணியிலும் பெரிதாகப் போட்டு றப்பர் வாசர் வையுங்கள். நிழலுக்கென்று பொலித்தீனில் சுண்ணாம்பு அடிப்பது போல இதற்கு அடிக்கக் கூடாது. காரம் இந்தப் பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடும்.

அந்தத் தகட்டை மிளகாய் காயவைக்கும் கொட்டிலுக்குப் போடலாமே என்பது எமது எண்ணம். அங்கே சூடு அடைபடுவதுதான் தேவை. தாய்லாந்தில் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தார் பொலிகாபனேற்றுக் கூரையிட்ட இத்தகைய உலர்த்தும் கூடங்களை அமைத்து வாழைப்பழம் உலர்த்தக் கொடுத்திருக்கிறார்கள். கீழே ஒரு பக்கம் காற்று நுழைய வலையடித்த சிறு வாயில், எதிர்ப்பக்கம் உயரத்தில் ஈரக்காற்றுப் போக ஒரு வாயில், நடுவே தட்டுகள். திடீர் மழை வந்தாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.