வயலும் ஆலையும்: தில்லியில் முழுத்தானியம் தேடுவோர்க்கு

தில்லிக் கடைகளில் ‘ஆர்கானிக்’ என்னும் சொல் இடம்பெறாத அலமாரியைக் காண்பது இன்று அரிது. அரிசி, பருப்பு, வெல்லம் ஆகியவற்றோடு நில்லாமல் பிஸ்கட்டும் நூடுல்ஸும்கூட அப்பெயரைச் சூடி வருகின்றன. விலையும் அதற்கேற்ப உயர்கிறது. உடல்நலம் கருதி அவ்விலையைக் கொடுக்க முன்வரும் நாம் முதலில் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். இயற்கை விளைபொருள் என்பது வயலில் நடந்ததைச் சொல்வது; முழுத்தானியம் என்பது ஆலையில் நடந்ததைச் சொல்வது. ரசாயன உரமின்றி விளைந்த கோதுமையாயினும், தவிடும் முளையும் நீக்கி அரைத்தால் அது மைதாவே.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. இயற்கை விளைபொருள்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். வைட்டமின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை; பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு என்பதே அவர்கள் கண்டது. அந்தப் பயன் சிறிதன்று. எனினும் மாத வருவாய்க்குள் செலவை அடக்கவேண்டிய குடும்பம் முதலில் முழுத்தானியத்துக்கு மாறுவதும், பின்னர் இயன்ற அளவு இயற்கை விளைபொருளை நாடுவதுமே முறை என்பது நம் கருத்து. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டிருக்கும் நிலையில், இதைத் தள்ளிப்போடுவதற்கில்லை.

முழுத்தானியத்துக்கு மாறத் தனிக்கடை தேடி அலையவும் வேண்டியதில்லை. தெருமுனைச் சக்கியில் கோதுமையைக் கொடுத்துக் கண்முன்னே அரைத்து வாங்கும் வழக்கம் இந்நகரில் இன்றும் உண்டு. அம்மாவை வீட்டில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாமல் இருந்தால் போதும்.

சிறுதானியங்களில் நமக்குத் தடையாய் நிற்பது பெயரே. பாஜ்ரா நம் கம்பு, ஜுவார் சோளம், கோதோ வரகு, காங்னி தினை. உத்தராகண்ட் மக்கள் மண்டுவா என்பது நம் கேழ்வரகு. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் கொண்டது அது. நவராத்திரி நோன்பு நாள்களில் மளிகைக் கடைதோறும் குவியும் ‘சாமக் சாவல்’ என்பதோ குதிரைவாலி. பெயரின் ஒலியை நம்பிச் சாமை என்று கொள்ளலாகாது. சாமைக்கு இந்தியில் கூட்கி என்று பெயர். இவற்றுள்ளும் உமி நீக்கியபின் தீட்டி வெளுப்பாக்கியவை தவிட்டை இழந்தவையே. கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவற்றுக்கு அவ்வாறு நீக்கவேண்டிய உமி இல்லை.

இனி, கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பொட்டலத்துக்கு வருவோம். காசோலையில் கையொப்பம் பார்க்கும் நமக்கு இது கடினமன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஜைவிக் பாரத்’ பச்சை முத்திரை உள்ளதா என்று நோக்குதல் வேண்டும். ‘நேச்சுரல்’, ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ போன்ற சொற்கள் அச்சான்றுக்கு ஈடாகா. 2001 முதல் நடைமுறையிலுள்ள தேசியத் திட்டத்தின் விதிப்படி, ஓராண்டுப் பயிர் விளையும் நிலம் பொதுவாக ஈராண்டுகள் மாற்றக் காலத்தைக் கடந்த பின்னரே சான்று பெறும். விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரோல்பாகில் வாழும் தமிழர் நாள்தோறும் கடக்கும் பூசா சாலையின் பெயரிலும் இவ்வரலாறு சிறிது ஒட்டியிருக்கிறது. பூசா என்பது பீகாரிலுள்ள ஓர் ஊர். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்பர்ட் ஹோவார்டு 1905 முதல் பல்லாண்டுகள் அங்கிருந்த வேளாண் நிறுவனத்தில் பணியாற்றினார். 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைய, 1936இல் நிறுவனம் தில்லிக்கு வந்தது. ஊர்ப்பெயரும் உடன் வந்தது. பிற்காலத்தில் பசுமைப் புரட்சியின் கோதுமை ரகங்களை வளர்த்ததும் இதே நிறுவனந்தான் என்பது சுவையான முரண்.

சிறுதானியமும் மாவுச்சத்தே. ஆதலின் நீரிழிவு உள்ளோர் அதனையும் அளவோடு, மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். தவிட்டோடும் முளையோடும் அரைத்த மாவில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது விரைவில் கெடும். கம்பு மாவு தில்லிக் கோடையில் சில நாள்களிலேயே கசக்கத் தொடங்கும். மே, ஜூன் மாதங்களில் ஒரு வாரத் தேவைக்கு மட்டுமே அரைத்து, குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.